வழியும் பங்குதான்
(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

    

சமரசம் வேண்டி ஜமாஅத்தின் முன் வருகின்ற பிணக்குகளைத் திருமணம், தலாக், பாகப்பிரிவினை என்று மூன்றாக வகுத்துப் பேசுவது நம் வழக்கம். ஆனால் பாகப்பிரிவினை என்ற பெயரில் வருகின்ற பிணக்குகளை நெருங்கிப் பார்த்தால், அவற்றுள் பல பங்கின் அளவு பற்றியவை அல்ல. யாருக்கு எத்தனை பங்கு என்பதை மார்க்கமே தெளிவாக வகுத்துவிட்டது. அதில் சண்டை அதிகம் இல்லை. பங்கு பிரித்த பிறகு, அந்தப் பங்கிற்கு எந்த வழியாகச் செல்வது என்பதில்தான் அண்ணன் தம்பி பேச்சு நின்று போகிறது. சகோதரியின் வீட்டு நல்லது கெட்டதுக்குச் சகோதரன் போகாத நிலை வருகிறது. ஆகவே இவ்வாண்டு உரைக்கு நடைபாதை உரிமையையே பொருளாக எடுத்துக்கொண்டோம். நாம் சொல்ல விழைவது இதுதான்: வழியும் பங்கின் ஒரு பகுதியே. வழி இல்லாத நிலத்தைக் கொடுப்பது, சாவி இல்லாத பூட்டைக் கொடுப்பது போன்றது.

நம் ஊரின் அமைப்பு

இந்தப் பிணக்கு நம் பகுதியில் ஏன் அடிக்கடி எழுகிறது என்பதற்கு ஊரின் அமைப்பே காரணம் சொல்லும். மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள பழைய நகரப் பகுதியையும், பெரிய கடைவீதி, சின்னக் கடைவீதி சுற்றுப்புறங்களையும் பாருங்கள். தெருவில் முகப்புக் குறைவு. உள்ளே ஆழம் அதிகம். முன்னால் கடை, அதன் பின் முன்கட்டு, பிறகு முற்றம், பின்கட்டு, கொல்லை என்று ஒரே மனை நீண்டுகொண்டே போகும். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதி என்று கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காய் அமைந்த வீதிகளின் பழைய வீடுகளும் ஒட்டுச்சுவரோடு, அகலம் குறைந்து நீளம் மிகுந்தவையே. ஒரு குடும்பம் ஒன்றாய் வாழ்ந்தவரை இந்த அமைப்பில் குறையேதும் தோன்றவில்லை. வீட்டின் நடைதான் எல்லோருக்கும் வழி. மனையை முன்பாதி, பின்பாதி என்று பிரிக்கும் நாளில்தான் அந்த நடை யாருடையது என்ற கேள்வி பிறக்கிறது.

வயலிலும் இதே கதைதான். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கம் தீவிலும், உய்யக்கொண்டான் வாய்க்கால் பாசனத்திலும் வாழையும் நெல்லும் விளைகின்ற நிலங்கள் சிறு சிறு துண்டுகளாகக் கிடக்கின்றன. அந்தக் காலத்தில் வரப்பின் மீது நடந்து சென்று தலைச்சுமையாகத் தார் கொண்டு வந்தார்கள். இன்று வயல் வரையில் டிராக்டரும் லாரியும் வர வேண்டும் என்கிறார்கள். வரப்பில் நடந்தவருக்கு லாரி ஓட்டும் உரிமை உண்டா? இதற்கான விடையைச் சற்றுப் பின்னர்ப் பார்ப்போம்.

மூன்று வகைப் பாதைகள்

முதலில் ஒரு தெளிவு வேண்டும். நாம் நடக்கின்ற பாதைகள் மூன்று வகைப்படும்.

ஒன்று, பொதுப் பாதை. மாநகராட்சியின் தெரு, ஊராட்சியின் சாலை, வருவாய்த்துறை வரைபடத்தில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று குறிக்கப்பட்ட தடம் ஆகியவை இதில் அடங்கும். இதில் நடக்க எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. 1994இல் ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளை இணைத்துத் திருச்சிராப்பள்ளி மாநகராட்சி உருவானது. நகராட்சிக் காலத்தில் பொதுச் சந்தாக இருந்தவை இன்று மாநகராட்சிக்கு உரியவை. இரு பக்கத்து வீட்டாரும் பேசி முடித்துக் கதவு போட்டுக்கொள்ள அவை அவர்களுடைய சொத்து அல்ல.

இரண்டாவது, நமக்கே சொந்தமான பாதை. நாம் கிரயம் பெற்ற நிலத்தின் ஒரு பகுதியே பாதையாக இருப்பது. அல்லது பலருக்குப் பொதுவில் பாத்தியப்பட்ட சந்து.

மூன்றாவதே இன்றைய பேச்சின் பொருள். நிலம் பிறருடையது, அதன் மீது நடந்து செல்லும் உரிமை மட்டும் நம்முடையது. இதனைத்தான் சட்டம் வசதியுரிமை என்கிறது. பத்திரம் எழுதுபவர்கள் ஈஸ்மென்ட் என்பார்கள். நம் முன்னோர்களின் பத்திரங்களில் ‘மாமூல் வழிநடை பாத்தியம் உட்பட’ என்று ஒரு சொற்றொடர் வருமே, அது இதுதான்.

இதற்கான சட்டம் 1882ஆம் ஆண்டின் 5ஆம் எண் சட்டமாகிய இந்திய வசதியுரிமைச் சட்டம். அது 1882 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் அது இந்தியா முழுமைக்கும் பொருந்தவில்லை. சென்னை மாகாணம் உள்ளிட்ட சில பகுதிகளுக்கே பொருந்தியது. ஆகவே திருச்சி மாவட்டத்தார் இச்சட்டத்தின் கீழ்த் தொடக்கம் முதலே வாழ்ந்து வருகின்றனர்.

இந்த உரிமைக்கு இரண்டு நிலங்கள் வேண்டும். ஒன்று பயன் பெறும் நிலம். மற்றொன்று சுமை தாங்கும் நிலம். இரண்டுக்கும் உரிமையாளர் வெவ்வேறு நபராக இருக்க வேண்டும். இந்த உரிமை மனிதரோடு ஒட்டியதன்று, நிலத்தோடு ஒட்டியது. பயன் பெறும் நிலத்தை விற்றால் உரிமையும் வாங்கியவருக்குப் போய்ச் சேரும். நிலத்தை வைத்துக்கொண்டு வழியுரிமையை மட்டும் தனியே எவருக்கும் விற்க முடியாது.

உரிமை பிறக்கும் நான்கு வாயில்கள்

முதல் வாயில், எழுதிக்கொடுத்தல். கிரயப் பத்திரத்திலோ பாகப்பிரிவினைப் பத்திரத்திலோ, இன்ன திசையில், இத்தனை அடி அகலத்தில், இன்னதற்காக வழி விடப்பட்டிருக்கிறது என்று எழுதுவது. நான்கிலும் உறுதியானது இதுவே. தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற ஹீரோ வினோத் எதிர் சேஷம்மாள் என்னும் வழக்கில் 2006ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. பத்திரத்தின் வழியாக வழங்கப்பட்ட வழியுரிமை, அவருக்கு வேறு வழி கிடைத்துவிட்டது என்ற காரணத்தினால் மட்டும் அழிந்துவிடாது என்று அதில் கூறப்பட்டது. எழுத்துக்கு இருக்கும் வலிமையை இதிலிருந்து அறியலாம்.

இரண்டாம் வாயில், தேவை. ஒரே மனை பிரிக்கப்படும்போதோ, ஒரு பகுதி விற்கப்படும்போதோ, வழியே இல்லாமல் ஒரு துண்டு உள்ளே மாட்டிக்கொண்டால், பத்திரத்தில் ஒரு சொல் இல்லாவிட்டாலும் மற்றப் பகுதியின் மீது நடந்து செல்லும் உரிமையைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தருகிறது. எந்தப் பக்கமாக வழி என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு? பாகப்பிரிவினையில், எவருடைய பங்கின் மீது வழி செல்கிறதோ அவருக்கே. ஆனால் அவர் காட்டும் வழி, செல்பவருக்கு நியாயமான அளவில் வசதியாக இருக்க வேண்டும். அவர் காட்ட மறுத்தால், செல்பவரே வழியைக் குறித்துக்கொள்ளலாம் என்று 14ஆம் பிரிவு கூறுகிறது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. தேவை என்றால் வேறு வழியே இல்லாத தேவை. சுற்றிப் போவது சிரமம் என்பது தேவை ஆகாது. மேலும், தேவை தீர்ந்த நாளில் இந்த உரிமையும் தீர்ந்துவிடும். கொல்லைப்புறத்தில் மாநகராட்சி புதிதாக ஒரு சாலை போட்டுவிட்டால், இவ்வகை வழியுரிமை 41ஆம் பிரிவின்படி முடிந்துபோகும்.

மூன்றாம் வாயில், நெடுங்காலப் பயன்பாடு. 20 ஆண்டுகள், சண்டையின்றி, மறைவின்றி, இடையறாது, எவரிடமும் கேட்காமல் தன் உரிமை என்ற நிலையில் ஒருவர் நடந்து வந்தால், அது உரிமையாகிவிடும். 15ஆம் பிரிவு கூறுவது இது. நிலம் அரசுக்குரியதாயின் 30 ஆண்டுகள். வழக்குத் தொடரும் நாளுக்கு முந்திய இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தக் காலம் முடிவதாக இருக்க வேண்டும். எப்போதோ 20 ஆண்டு நடந்து, பிறகு நெடுநாள் விட்டுவிட்டவர் இதைக் கோர முடியாது. நடந்தோம் என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. மராட்டிய மாநிலத்து வழக்கு ஒன்றில் 2024 ஏப்ரலில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், முன்னாள் உரிமையாளர் அத்தனை ஆண்டுகள் அந்தப் பாதையைப் பயன்படுத்தினார் என்பதற்குத் தகுந்த சாட்சியம் இல்லை என்றும், வேறு வழி இருக்கிறது என்றும் கூறி, வழியுரிமை கோரியவரின் வழக்கை ஏற்க மறுத்துவிட்டது.

நான்காம் வாயில், ஊர் வழக்கம். ஓர் ஊரார் தொன்றுதொட்டு அனுபவித்து வரும் உரிமையை 18ஆம் பிரிவு ஏற்கிறது. கபரஸ்தானுக்கு ஜனாஸாவைச் சுமந்து செல்லும் தடம் இவ்வகையில் கோரப்படக்கூடியது. ஆனால் அந்த வழக்கம் பழமையானது, நியாயமானது, நிச்சயமானது, விடாது தொடர்ந்து வந்தது என்பதை நாம்தான் மெய்ப்பிக்க வேண்டும்.

அனுமதி வேறு, உரிமை வேறு

நம் மக்கள் பெரிதும் குழம்புவது இங்கேதான். ‘பாய், இந்தப் பக்கமாகப் போய்க்கொள்ளலாமா?’ என்று கேட்டு, ‘அதற்கென்ன, போங்கள்’ என்று ஒருவர் விட்டால், அது அனுமதி. 52ஆம் பிரிவு அதற்கு இசைவு என்ற தனித் தகுதியைத் தருகிறது. இசைவின் பேரில் 40 ஆண்டு நடந்தாலும் அது உரிமையாகாது. ஏனெனில் அவர் நடந்தது தன் உரிமையில் அன்று. அண்டை வீட்டாரின் பெருந்தன்மையில். இசைவைப் பொதுவாகத் திரும்பப் பெறலாம். ஆனால் இசைவை நம்பி, அதன்படி ஒருவர் தம் செலவில் நிலையான கட்டுமானம் செய்துவிட்டால், அதைத் திரும்பப் பெற இயலாது என்று 60ஆம் பிரிவு விதிவிலக்கும் சொல்கிறது.

இதனால் இரு சாராருக்கும் ஒரு பாடம் உண்டு. வழி விடுபவர், ‘நம் அனுமதியின் பேரில் நடக்கிறார்’ என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளட்டும். அப்படிச் செய்தால், நாளை உரிமை கோரிவிடுவாரோ என்ற அச்சத்தில் இன்று வழியை அடைக்க வேண்டிய அவசியம் இராது. எத்தனையோ பேர் மனம் இருந்தும் வழி விட மறுப்பது இந்த அச்சத்தினால்தான். நடப்பவரோ, பெருந்தன்மையை உரிமை என்று எண்ணிக்கொண்டு அதன் மேல் வீடு கட்டிவிட வேண்டாம்.

உரிமைக்கும் எல்லை உண்டு

வரப்பில் நடந்தவருக்கு லாரி ஓட்டும் உரிமை உண்டா என்று கேட்டோம். இல்லை. ஒரு வகை வழியுரிமையில் இன்னொரு வகை அடங்காது என்று 28ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. கால்நடைப் பாதை வண்டிப்பாதை ஆகாது. ஆகவே பத்திரம் எழுதும்போதே ஆள் நடக்க, இருசக்கர வாகனம் செல்ல, கார், டிராக்டர் செல்ல என்று விரித்து எழுத வேண்டும்.

ஒரு வயலுக்காகப் பெற்ற வழியை, அதற்கு அப்பால் உள்ள வேறொரு வயலுக்குச் செல்வதற்காகப் பயன்படுத்தவும் கூடாது. பாதையைப் பழுதுபார்க்கும் செலவு, நடப்பவரைச் சேர்ந்தது. நிலத்துக்காரர் மண் கொட்டித்தர வேண்டியதில்லை. நடப்பவரும் நிலத்துக்காரருக்கு இயன்ற அளவு குறைந்த தொல்லை தரும் விதத்திலேயே நடக்க வேண்டும். 20 ஆண்டுகள் ஒரு வழியைப் பயன்படுத்தாமல் விட்டால் அந்த உரிமை அழிந்துபோகும்.

இளைஞர்கள் கவனமாகக் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. வழியை ஒருவர் சுவர் வைத்து அடைத்துவிட்டால், உரிமை நம் பக்கம் இருந்தாலும், நாமே போய் அதை இடிக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. 36ஆம் பிரிவு இதை வெளிப்படையாகத் தடுக்கிறது. கடப்பாரையை எடுத்த நொடியில், உரிமை வழக்கில் வாதியாக நிற்க வேண்டியவர் குற்ற வழக்கில் எதிரியாகிவிடுகிறார். தடையாணையும், அடைப்பை நீக்கும் உத்தரவும் நீதிமன்றத்தில் கிடைக்கும். ஆனால் காலம் தாழ்த்தலாகாது. அடைப்பு நேர்ந்தது தெரிந்தும் ஓராண்டு பேசாதிருந்தால், அது 20 ஆண்டுக் கணக்கையே அறுத்துவிடக்கூடும்.

வழக்குப் போடும்போதும் தெளிவு வேண்டும். ‘அந்த இடமே என்னுடையது’ என்பது ஒரு வழக்கு; ‘இடம் அவருடையது, வழி என்னுடையது’ என்பது வேறொரு வழக்கு. இடம் தமது என்று மட்டும் வழக்காடியவருக்கு, அவர் கோராத வழியுரிமையை உயர் நீதிமன்றம் வழங்கியது சரியன்று என்று பச்சாஜ் நாகர் எதிர் நீலிமா மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. ஆத்திரத்தில் அதிகம் கேட்கப்போய், கிடைக்க வேண்டியதையும் இழந்தவர்கள் உண்டு.

மார்க்கம் காட்டும் வழி

இது வெள்ளைக்காரர் கொண்டுவந்த சட்டந்தானே என்று எவரும் எண்ண வேண்டாம். வழிநடை உரிமை, நீர் கொண்டுசெல்லும் உரிமை, கழிவுநீர் வெளியேறும் உரிமை ஆகியவற்றை நம் ஃபிக்ஹு நூல்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தனித்தனிப் பெயரிட்டு ஆராய்ந்துள்ளன. வழிநடை உரிமைக்கு ஹக்குல் முரூர் என்பது பெயர்.

பாதையின் அகலத்தில் கருத்து வேறுபாடு எழுந்தால் அதனை ஏழு முழமாக வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. முழத்திற்கு ஒன்றரை அடி என்று கொண்டால் ஏறத்தாழ 10½ அடி. சுமை ஏற்றிய ஒட்டகங்கள் எதிரெதிரே வந்தாலும் தடையின்றிச் செல்லும் அகலம் என்று இதற்கு விளக்கம் சொல்வர். மேலும், அண்டை வீட்டார் தம் சுவரில் மரம் ஊன்ற வந்தால் தடுக்க வேண்டாம் என்ற கருத்துள்ள ஹதீஸையும் அதே இரு நூல்களில் காண்கிறோம். இது கட்டாயமா, விரும்பத்தக்கதா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் கட்டாயம் என்றே கொண்டார்கள்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு வழக்கு வருகிறது. ளஹ்ஹாக் பின் கலீஃபா என்பவர் தம் நிலத்திற்கு வாய்க்கால் கொண்டுவர விரும்பினார். இடையில் இருந்தது முஹம்மத் பின் மஸ்லமா (ரலி) அவர்களின் நிலம். அவர்கள் மறுத்தார்கள். ‘உமக்கும்தானே இதனால் நன்மை? முதலிலும் கடைசியிலும் நீர் பாய்ச்சிக்கொள்ளலாமே’ என்ற கருத்தில் ளஹ்ஹாக் கேட்டும் இணங்கவில்லை. வழக்கு கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் சென்றது. தமக்கும் பயன் தந்து, எந்தத் தீங்கும் செய்யாத ஒன்றைச் சகோதரருக்கு ஏன் தடுக்க வேண்டும் என்று கேட்ட உமர் (ரலி) அவர்கள், அந்த வாய்க்கால் சென்றே தீர வேண்டும் என்று ஆணையிட்டார்கள். மறுத்தவர் சாதாரண மனிதர் அல்லர், நபித்தோழர். அப்படியிருந்தும் தீர்ப்பு அண்டை நிலத்தாரின் பக்கம் நின்றது. காவிரிக் கரையில் வாய்க்கால் தண்ணீரில் விவசாயம் செய்யும் நமக்கு இந்த வழக்கு எவ்வளவு நெருக்கமானது!

அண்டை வீட்டார் என்பவர் ஜமாஅத்துக்காரராக மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் ஊரில் இந்துச் சகோதரரும் கிறிஸ்தவச் சகோதரரும் நம் ஒட்டுச்சுவருக்கு அப்பால் வாழ்கின்றனர். வழி விடும் கடமை அவர்களுக்கும் உரியதே. அதே வேளையில், ஒரு சாண் நிலத்தை அநியாயமாக அபகரித்தவருக்கு மறுமையில் உள்ள கடும் தண்டனையையும் நாம் அறிவோம். நடக்கும் உரிமையைச் சாக்கிட்டு நிலத்தையே வளைத்துக்கொள்வதற்கும் அது பொருந்தும்.

சகோதரியின் பங்கு

இப்போது உரையின் மையத்திற்கு வருகிறோம். ஒரு கணக்கைப் பாருங்கள். 30 அடி முகப்பும் 120 அடி ஆழமும் உள்ள மனை; மொத்தம் 3,600 சதுர அடி. பெற்றோரும் மனைவியும் இன்றி ஒருவர் மௌத்தாகிறார். இரண்டு மகன்கள், ஒரு மகள். மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற முறையில் ஐந்து பங்கு. மகன்களுக்கு 1,440 சதுர அடி வீதம், மகளுக்கு 720.

தெருப்பக்கம் அண்ணனுக்கு, நடுப்பகுதி தம்பிக்கு, கடைசியில் உள்ள 24 அடி ஆழம் சகோதரிக்கு என்று பிரிக்கிறார்கள். வழி பற்றி ஒரு சொல்லும் இல்லை. அளவு சரியாக இருக்கிறது. ஆனால் அந்த 720 சதுர அடிக்கு வழியில்லை. வங்கியில் கடன் கிடைக்காது. வீடு கட்ட வரைபட அனுமதி பெறுவது கடினம். விற்கப் போனால் வாங்குபவர் சகோதரர்களே, அதுவும் அவர்கள் சொன்ன விலைக்கு. பங்கு காகிதத்தில் இருக்கிறது, கையில் இல்லை.

அதே மனையில் முதலில் 4 அடி அகலப் பொதுப் பாதையை ஒதுக்கிவிட்டு மீதியைப் பங்கிட்டுப் பாருங்கள். பாதைக்கு ஏறத்தாழ 395 சதுர அடி போகும். மீதி 3,205. சகோதரிக்கு 641, சகோதரர்களுக்கு 1,282 வீதம். பாதையின் சுமை அவரவர் பங்கின் விகிதப்படியே மூவர் மீதும் விழுகிறது. எவருக்கும் அநியாயம் இல்லை. சகோதரியின் நிலம் 79 சதுர அடி குறைந்தாலும், அது இப்போது வீடு கட்டக்கூடிய, விற்கக்கூடிய, வாழக்கூடிய நிலம். அகலமாக இன்னும் சில அடி விட முடிந்தால் இன்னும் நல்லது.

சட்டத்தின் 13ஆம் பிரிவு எப்படியும் அவருக்கு வழி தரும். ஆனால் அதற்காக அவர் தம் உடன்பிறந்தவர்கள் மீது வழக்குப் போட வேண்டும். நம் பெண்மக்களில் எத்தனை பேர் அதைச் செய்வார்கள்? பேசாமல் இருந்து விடுவார்கள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று நாம் எடுத்துக்கொள்ளலாகாது. அல்லாஹ் வகுத்த பங்கை அளவில் கொடுத்துவிட்டு வழியில் பறித்துக்கொள்வது கொடுத்ததாகாது.

ஜமாஅத்தின் சொத்தும் இதில் அடக்கம்

வக்ஃபு நிலத்தின் மீது எவருக்கும் நிரந்தர வழியுரிமை எழுதிக்கொடுக்க முத்தவல்லிக்கோ நிர்வாகத்திற்கோ தன்னிச்சையான அதிகாரம் கிடையாது. நிலத்தை எந்த அளவுக்கு மாற்றிக்கொடுக்க முடியுமோ அந்த அளவுக்கே அதன் மீது வழிச்சுமை ஏற்ற முடியும் என்பது வசதியுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு. வக்ஃபு சொத்தின் விற்பனையும் தானமும் பரிவர்த்தனையும் செல்லாது என்பது வக்ஃபுச் சட்டத்தின் 51ஆம் பிரிவு.

வக்ஃபு நிலத்தை மீட்கும் வழக்குகளுக்குக் காலவரம்பு இல்லை என்ற பாதுகாப்பை 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107ஆம் பிரிவு தந்திருந்தது. 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்தப் பாதுகாப்பை நீக்கிவிட்டது. எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்ற மெத்தனத்திற்கு இனி இடமில்லை. பள்ளிவாசல், கபரஸ்தான் நிலங்களின் எல்லையையும், அவற்றின் வழியே யார் எந்த அடிப்படையில் நடக்கிறார்கள் என்பதையும், அவற்றிற்குச் செல்ல நமக்குள்ள வழியையும் எழுத்தில் பதிந்து வைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.

செய்ய வேண்டியவை

1. நிலம் வாங்குமுன் எல்லையைப் பார்ப்பது போலவே வழியையும் பாருங்கள். பத்திரத்தில் மாமூல் வழி என்று பொதுவாக எழுதுவது போதாது. திசை, நீளம், அகலம், எவ்வகைப் போக்குவரத்து ஆகிய நான்கும் வரட்டும். வரைபடம் ஒன்றும் இணைக்கப்படட்டும்.

2. புறநகரில் மனை வாங்குவோர், அந்த மனைப்பிரிவின் சாலைகள் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டனவா என்று விசாரியுங்கள். ஒப்படைக்கப்படாத சாலை, தெரு போலத் தோன்றினாலும் தனியார் பெயரிலேயே இருக்கக்கூடும்.

3. புலப்பட வரைபடம், அ-பதிவேடு, நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் ஆகியவற்றை எடுத்துப் பாதை பொதுவா, தனியாரதா என்று உறுதி செய்யுங்கள்.

4. வாய்மொழி ஹிபாவும் வாய்மொழிப் பாகப்பிரிவினையும் நம்மிடையே வழக்கத்தில் உள்ளன. ஆனால் அடுத்த தலைமுறைக்குச் சாட்சிகள் இருக்க மாட்டார்கள். வழி குறித்தாவது எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்குக் கற்பித்திருக்கிறதே!

5. பிணக்கு எழுந்தால் முதலில் ஜமாஅத்திற்கு வாருங்கள். இங்கே முடியாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், அங்கே இரு தரப்பும் ஒப்புக்கொண்டு பெறும் முடிவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன் மேல் மேல்முறையீடு இல்லை. நிலுவை வழக்கு அங்கு முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். எந்தச் சமரசமும் முறையான ஆவணமாகாமல் விடப்படக் கூடாது.

பெரியோர்களே! நம் கையில் நிலம் இருப்பது சில ஆண்டுகள். பிறகு நாமும் சுமந்து செல்லப்பட வேண்டியவர்கள். அப்போது நமக்கும் ஒரு வழி வேண்டும். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதே ஈமானின் ஒரு கிளை என்று கற்ற சமுதாயம் நாம். உடன்பிறந்தவளின் பாதையில் சுவர் எழுப்பும் சமுதாயமாக ஆகிவிட வேண்டாம். இவ்வாண்டு முடிவதற்குள், வழி எழுதப்படாத பாகப்பிரிவினை நம் குடும்பங்களில் எங்கெங்கு உள்ளதோ அங்கெல்லாம் உட்கார்ந்து பேசி எழுதி முடிப்போம் என்று உறுதி கொள்வோம்.

வல்ல இறைவன் நம் உள்ளங்களையும் நம் வழிகளையும் விசாலமாக்கி வைப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.